பார்மன் அறிக்கை பேசியதும் பேசாததும்

நாட்டு நடப்பைத் திருமறையின் ஒளியில் சபையார்க்கு விளக்கிக் காட்டும் கடமை அருளுரையாளர்க்கு உண்டு என்பதை நாம் எவரும் மறுப்பதில்லை. ஆனால் அதனை எவ்வாறு செய்வது என்பதில்தான் இடர்ப்பாடு எழுகிறது. சனிக்கிழமை இரவு வரை செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஞாயிறு காலையில் அவற்றைக் குறித்து ஏதேனும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் வரலாறு நமக்குக் கைகொடுக்கிறது. எங்கேனும் ஓர் ஆட்சி தன் குடிகளை ஒடுக்கினால், 'இது ஹிட்லரின் ஜெர்மனி' என்கிறோம். எங்கேனும் ஒரு கிறிஸ்தவர் துணிந்து பேசினால், 'இவர் நம் காலத்துப் பான்ஹோஃபர்' என்கிறோம். சபையார் தலையசைக்கின்றனர், அருளுரையும் முடிகிறது.

இவ்வகை ஒப்புமை முற்றிலும் பிழையென்று நாம் கூறவில்லை. ஆயினும் அதில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. முதலாவது, தீமையை அது எப்போதும் நமக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. ஒப்புமையில் வரும் கொடுங்கோலன் ஒருபோதும் நம் வீட்டவன் அல்லன். இரண்டாவது, நாம் அக்காலத்தில் வாழ்ந்திருந்தால் தவறாமல் நல்லோர் பக்கமே நின்றிருப்போம் என்ற எண்ணத்தை அது நம்முள் விதைத்துவிடுகிறது. வரலாற்றை ஊன்றிப் படித்தால் இவ்விரண்டும் நிலைக்கமாட்டா. ஆகவே, நம் இறையியல் கல்லூரிகளில் நாம் அடிக்கடி போற்றும் ஒரு நிகழ்ச்சியையே எடுத்துக்கொண்டு, அது எதைப் பேசியது, எதைப் பேசாமல் விட்டது, அதிலிருந்து நம் காலத்திற்குப் பெறத்தக்கது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம். அந்நிகழ்ச்சி, 1934ஆம் ஆண்டு மே மாதம் 29 முதல் 31 வரை ஜெர்மனியில் பார்மன் என்னும் இடத்தில் கூடிய திருச்சபைப் பேரவையும் அதன் அறிக்கையுமாம்.

1. திருச்சபைக்குள் புகுந்த சட்டம்

1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஜெர்மனியின் தலைமை அமைச்சரானார். அந்நாட்டு மக்களில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் சீர்திருத்தத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். லூத்தர் பிறந்த நாடு. இறையியல் கல்விக்கு உலகமே நோக்கிய நாடு. அத்தகைய நாட்டில் திருச்சபையினர் பெரும்பாலோர் புதிய ஆட்சியை அச்சத்தோடன்று, நன்றியோடும் நம்பிக்கையோடும் வரவேற்றனர் என்பதை நாம் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். முதல் உலகப் போரின் தோல்வி, பணவீக்கம், வேலையின்மை, கம்யூனிச அச்சம் ஆகியவற்றால் சோர்ந்திருந்த மக்களுக்கு, நாட்டின் மானத்தை மீட்பேன் என்ற குரல் இனிமையாக ஒலித்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, யூத வழியில் வந்தோரை அரசுப் பணியிலிருந்து நீக்க வழிசெய்தது. 'ஆரியர் விதி' எனப்பட்ட இவ்விதியைத் திருச்சபையிலும் புகுத்த வேண்டும் என்று 'ஜெர்மானியக் கிறிஸ்தவர்' என்னும் இயக்கத்தார் முழங்கினர். ஜூலை மாதத்தில் நடந்த திருச்சபைத் தேர்தல்களில், ஹிட்லரே வானொலியில் பேசி ஆதரவு தேடியதன் பின்னர், இவ்வியக்கத்தார் பெருவெற்றி பெற்றனர். செப்டம்பர் தொடக்கத்தில் கூடிய பிரஷியத் திருச்சபையின் பேரவை, உறுப்பினர் பலர் நாஜிக் கட்சியின் பழுப்புச் சீருடையோடே அமர்ந்திருக்க, ஆரியர் விதியை ஏற்றது. திருமுழுக்குப் பெற்று, திருநிலைப்படுத்தப்பட்டு, பீடத்தில் நின்று பணியாற்றிய குருவானவர் ஒருவர், தம் பாட்டனார் யூதர் என்ற ஒரே காரணத்தால் அப்பணிக்குத் தகுதியற்றவர் என்பதே அதன் பொருள். அவ்வாறு பாதிக்கப்படக்கூடிய குருமார் தொகையில் மிகச் சிலரே. ஆயினும் அச்சிலரைப் பொறுத்தே திருமுழுக்கின் பொருள் அங்குச் சோதனைக்குள்ளாயிற்று.

இதனை எதிர்த்து பெர்லின் நகரக் குருவானவரான மார்ட்டின் நீமோலர் அதே செப்டம்பரில் குருமார் நெருக்கடிக்காலச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 7,000 குருமார் அதில் சேர்ந்தனர். நவம்பர் 13ஆம் நாள் பெர்லின் விளையாட்டரங்கில் ஏறத்தாழ 20,000 பேர் முன்னிலையில் ஜெர்மானியக் கிறிஸ்தவத் தலைவர் ஒருவர், பழைய ஏற்பாட்டையும் பவுலின் இறையியலையும் களைந்தெறிய வேண்டும் என்று பேசினார். அப்பேச்சு, அதுவரை தயங்கியிருந்த பலரையும் விழிக்கச் செய்தது. பார்மன் பேரவைக்கு வழி இவ்வாறு திறந்தது.

2. பார்மன் பேசியது

பார்மனில் கூடியவர் ஏறக்குறைய 140 பேர். லூத்தரன், சீர்திருத்தம், ஐக்கியம் ஆகிய மூன்று மரபினரும், நானூறு ஆண்டுப் பிணக்குகளை ஒருபுறம் வைத்து, ஒரே அறிக்கையை ஒருமனதாக ஏற்றனர். அறிக்கையை வரைந்ததில் பெரும்பங்கு கார்ல் பார்த்துடையது.

அவ்வறிக்கை ஆறு கூறுகளைக் கொண்டது. ஒவ்வொரு கூறும் திருமறை வசனத்தோடு தொடங்கி, ஓர் உறுதிமொழியைச் சொல்லி, அதற்கு மாறான ஒரு போதனையைத் தள்ளி முடிகிறது. முதற்கூறு யோவான் 14ஆம், 10ஆம் அதிகாரங்களிலிருந்து எழுகிறது. திருமறை சான்று பகரும் இயேசு கிறிஸ்துவே திருச்சபை கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய ஒரே இறைவார்த்தை. அவருக்குப் பக்கத்தில் வேறெந்த நிகழ்ச்சியையும் ஆற்றலையும் தலைவனையும் இறைவெளிப்பாடாகக் கொள்ள இயலாது என்பது அதன் சாரம். இரண்டாவது, வாழ்வின் எப்பகுதியும் கிறிஸ்துவின் ஆளுகைக்குப் புறம்பானதன்று என்கிறது. மூன்றாவது, திருச்சபை தன் செய்தியை மட்டுமன்றித் தன் அமைப்பையும் காலத்தின் கொள்கைகளுக்கு விட்டுக்கொடுக்கலாகாது என்கிறது. நான்காவது, திருப்பணிகள் ஊழியத்திற்கேயன்றி ஒருவர் மற்றவரை ஆள்வதற்கன்று என்கிறது. ஐந்தாவது, நீதியையும் அமைதியையும் காப்பது அரசின் பணி; ஆனால் மனித வாழ்வு முழுவதற்கும் தானே விதியென அரசு எழும்பலாகாது என்கிறது. ஆறாவது, இறைவனின் இலவச அருளை எல்லா மக்களுக்கும் அறிவிப்பதே திருச்சபையின் பொறுப்பு என்கிறது.

இவற்றுள் மூன்றாம் கூற்றை நம் மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 'எங்கள் போதனை தூயது. அமைப்பு மட்டும் நாட்டு வழக்கத்தின்படி இருக்கட்டும்' என்ற சமாதானத்தை அது உடைக்கிறது. சபையார் எவ்வாறு அமர்கின்றனர், எவரைத் தெரிந்தெடுக்கின்றனர், எவரை விலக்குகின்றனர் என்பனவும் அருளுரையே. காதால் கேட்கும் அருளுரைக்கு அது மாறுபட்டால், மக்கள் கண்ணால் கண்டதையே நம்புவர்.

3. பேராசிரியர்கள் எழுதிய மறுப்பு

பார்மன் அறிக்கை வெளிவந்து இரு வாரத்திற்குள், ஜூன் 11ஆம் நாளிட்ட மறுப்பு ஒன்று அன்ஸ்பாக் என்னும் ஊரின் பெயரால் வெளியாயிற்று. அதில் கையொப்பமிட்டவர்களுள் இருவர் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற இறையியல் பேராசிரியர்களான வெர்னர் எலர்ட், பால் அல்தாஸ் ஆகியோர். லூத்தரின் இறையியலைப் பற்றி அல்தாஸ் எழுதிய நூல் இன்றும் நம் நூலகங்களில் இருக்கிறது. குடும்பம், இனம், நாடு முதலிய இயற்கை ஒழுங்குகள் இறைவன் படைத்தவை. அவற்றின் வழியாகவும் இறைச் சித்தம் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. ஆதலின் நாட்டின் தலைவரை இறைவன் தந்த கொடையாக ஏற்க வேண்டும் என்பது அம்மறுப்பின் போக்கு. அதற்கு முந்திய ஆண்டே, ஆரியர் விதியைப் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டபோது, யூத வழியினரைத் திருப்பணியிலிருந்து பொதுவாக ஒதுக்கிவைப்பது தகும் என இவ்விருவரும் விடையளித்திருந்தனர்.

இவர்கள் கல்லாதவர்கள் அல்லர். மறையை மறுத்தவர்களும் அல்லர். கிறிஸ்துவுக்குள் அனைவரும் ஒன்று என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டனர். ஆனால் அவ்வொருமை இறைவன் முன்னிலையில் உள்ள ஆவிக்குரிய ஒருமை. மண்ணில் உள்ள வேறுபாடுகளை அது அழிப்பதில்லை என்றனர். இக்கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையே இறையியலில் மிகவும் இடர் விளைவிப்பது. இறையியல் கற்பிக்கும் நமக்கு இப்பகுதி உவப்பானதன்று; எனினும் வகுப்பறையில் விடாது கற்பிக்க வேண்டிய பகுதி இதுவே. கொடுமை வாளோடு வருமுன் விளக்கவுரையோடு வருகிறது.

4. பார்மன் பேசாதது

இனி, நம் கட்டுரையின் மையத்திற்கு வருவோம். பார்மன் அறிக்கையின் ஆறு கூறுகளிலும் யூதர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. யூதர்களின் கடைகள் புறக்கணிக்கப்பட்டு, அவர்கள் அலுவல்களை இழந்து, தெருக்களில் இழிவுபடுத்தப்பட்டு ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. அறிக்கையோ திருச்சபையின் விடுதலையைக் குறித்தே பேசிற்று. திருச்சபையின் ஆண்டவர் யார் என்ற வினாவிற்கு அது தெளிவான விடை தந்தது. எனக்குப் பிறன் யார் என்ற வினா அங்கு எழவில்லை.

அக்காலத்தில் எவரும் அதை உணரவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1933 ஏப்ரலிலேயே, இருபத்தேழு வயது நிரம்பிய டீட்ரிக் பான்ஹோஃபர் யூதர் பிரச்சினையைப் பற்றி எழுதிய கட்டுரையில், திருச்சபைக்கு மூன்று கடமைகளைக் காட்டினார். அரசு தன் பணியைச் செய்கிறதா என அதனையே வினவுதல். அரசின் செயலால் அடிபட்டோர் எவராயினும், கிறிஸ்தவர் அல்லாதவராயினும், அவர்க்கு உதவுதல். தேவையானால், சக்கரத்தின்கீழ் நசுங்கியவர்க்குக் கட்டுப் போடுவதோடு நில்லாமல் அச்சக்கரத்தையே தடுத்து நிறுத்துதல். அக்கட்டுரையிலும் யூதரைப் பற்றிய பழைய இறையியல் எண்ணங்கள் சில ஒட்டியிருந்தன என்பதும் உண்மையே. ஆயினும் திசை சரியான திசை.

அவரினும் குறைவாக அறியப்பட்டவர் எலிசபெத் ஷ்மிட்ஸ். பெர்லினில் பள்ளி ஆசிரியை. வரலாறும் சமயமும் கற்பித்தவர். 1935இல் அவர் யூதர் படும் துன்பங்களை நேரிற்கண்டும் கேட்டும் தொகுத்து, திருச்சபை ஏன் வாய் திறக்கவில்லை என்று வினவும் நீண்ட குறிப்பொன்றை எழுதி, ஏறக்குறைய 200 படிகளைத் தாமே எடுத்துத் திருச்சபைத் தலைவர்களுக்குக் கிடைக்கச் செய்தார். தம் பெயரை அதில் இடவில்லை. பேரவைகள் அதனை எடுத்துப் பேசவில்லை. 1938 நவம்பர் 9, 10 ஆகிய நாட்களில் நாடெங்கும் யூதத் தொழுகைக்கூடங்கள் கொளுத்தப்பட்டபின், இவ்வாட்சியின்கீழ் இனிக் கற்பிக்க மனச்சாட்சி இடந்தராது எனப் பணியிலிருந்து விலகிக்கொண்டார். 1977இல் அவர் காலமானபோது அடக்க ஆராதனைக்கு வந்தவர் வெகு சிலர். அக்குறிப்பின் ஆசிரியர் அவரே என்பது 1999இல்தான் உலகிற்குத் தெரிய வந்தது.

இன்னும் சிலரும் இருந்தனர். 1936இல் அறிக்கைத் திருச்சபையின் தலைவர்கள் ஹிட்லருக்கு எழுதிய விண்ணப்பத்தில், யூதப் பகைமையைக் கிறிஸ்தவர்மேல் திணிப்பதைக் கண்டித்தனர். அது வெளிநாட்டுச் செய்தித்தாள்களில் கசிந்தது. அதன் தொடர்பில் கைதானவர்களுள் யூத வழியில் வந்த கிறிஸ்தவரான ஃப்ரீட்ரிக் வைஸ்லர் என்னும் சட்ட அறிஞர், 1937 பிப்ரவரியில் சாக்சன்ஹௌசன் முகாமில் கொல்லப்பட்டார். 1938 நவம்பர் 16ஆம் நாள், மனந்திரும்புதலின் திருநாளன்று, யூலியுஸ் ஃபோன் யான் என்னும் கிராமத்துக் குருவானவர் எரேமியா 22:29ஐ எடுத்து, ஒரு வாரத்துக்கு முன் நடந்த கொடுமையைப் பாவமென்று பீடத்திலிருந்து அறிக்கையிட்டார். சில நாட்களில் ஒரு கூட்டம் அவரை அடித்து வதைத்தது. பின்பு சிறைத்தண்டனையும் பெற்றார். அன்று நாடெங்கும் மனந்திரும்புதலைப் பற்றி அருளுரை ஆற்றிய குருமார் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் பலர் நல்ல அருளுரையே ஆற்றியிருப்பர். ஆனால் எதிலிருந்து மனந்திரும்ப வேண்டும் என்று பெயர் சொன்னவர் மிகச் சிலர்.

போர் முடிந்தபின், 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகரில், நீமோலர் உள்ளிட்ட திருச்சபைத் தலைவர்கள் உலகத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் முன்னிலையில் தங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். போதிய துணிவோடு சான்று பகரவில்லை, போதிய அளவு அன்பு செலுத்தவில்லை என்ற கருத்தில் அமைந்த அவ்வொப்புதலிலும் யூதர் பெயர் இல்லை. 1950இல் வைசன்ஸேயில் கூடிய பேரவையே அதனை வெளிப்படையாகச் சொல்லிற்று. 1967இல் கார்ல் பார்த், பான்ஹோஃபரின் வரலாற்றை எழுதிய எபர்ஹார்ட் பெத்கேவுக்கு வரைந்த கடிதத்தில், யூதர் பிரச்சினையைப் பார்மனில் மையமாக்காதது தம் குற்றமென நெடுநாளாக உணர்ந்து வருவதைத் தெரிவித்தார். அவ்வாறு எழுதியிருந்தால் 1934இல் தம் பக்கத்தாரே அதை ஏற்றிருக்கமாட்டார்கள். ஆயினும் அது தமக்குச் சாக்காகாது என்றும் அவர் கருதினார். பெரும் இறையியலார் ஒருவர், தம் வாழ்நாளின் சிறந்த செயலெனப் பலரும் போற்றியதையே மீண்டும் எடுத்து ஆராய்ந்து குறை கண்டது, அவருடைய பல நூல்களைப் போலவே நமக்குப் பாடமாகிறது.

5. தாம்பரமும் தஞ்சையும்

இவை அயல்நாட்டுக் கதையென்று நாம் ஒதுக்கிவிடலாகாது. 1938 நவம்பர்க் கொடுமை நடந்து ஏறத்தாழ ஐந்து வாரத்திற்குள், டிசம்பர் மாதத்தில், உலகத் திருப்பணி மாநாடு நம் சென்னையை அடுத்த தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் கூடிற்று. ஏறக்குறைய 470 பிரதிநிதிகள் வந்திருந்தனர். ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபையினர் பெருந்தொகையாகப் பங்குகொண்ட முதல் மாநாடு அது. ஜெர்மானியரும் வந்திருந்தனர். இறுதிக்கால நம்பிக்கையை வலியுறுத்தி, சமுதாயத் திட்டங்களோடு இறையாட்சியை இணைப்பதை எச்சரித்து, அவர்கள் தனி அறிக்கை ஒன்றைத் தந்தனர். மனிதத் திட்டம் இறையாட்சி ஆகாது என்பது மெய்யே. ஆனால் தாய்நாட்டில் தொழுகைக்கூடங்களின் சாம்பல் ஆறுமுன் அவ்வெச்சரிக்கை பேசப்பட்டது என்பதை அறிந்து வாசிக்கும்போது, ஒரு கூற்று மெய்யாயிருந்தால் மட்டும் போதாது, அது எந்நேரத்தில் எதற்குப் பதிலாகச் சொல்லப்படுகிறது என்பதையும் ஆராய வேண்டும் என்பது விளங்குகிறது.

இதனினும் ஆழமான தொடர்பு ஒன்று உண்டு. ஆரியர் விதிக்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1833இல், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளில் நிலவிய சாதி வேறுபாடுகளை உடனே, முற்றிலும், என்றென்றைக்குமாகக் கைவிட வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். திருவிருந்தில் யார் முன், யார் பின். கோயிலில் யார் எப்பக்கம் என்பனவே அங்கு எழுந்த வினாக்கள். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவதே மேல் என்று விலகினர். பின்பு வந்த லைப்சிக் சங்கத்தார், சாதி ஒரு குடிமை ஒழுங்கு, நற்செய்தி அதனை மெல்லக் கரைக்கும் எனக் கருதினர். 1850இல் சென்னையில் பல சங்கத் திருத்தொண்டர்கள் சாதிக்கெதிராக வெளியிட்ட கூட்டறிக்கையில் அவர்கள் சேரவில்லை. விலகியவர்களுள் பலர் அவர்களிடம் சென்று சேர்ந்தனர்.

லைப்சிக் சங்கத்தார் தமிழுக்கும் தமிழ்ச் சபைக்கும் ஆற்றிய தொண்டு பெரிது. அதனை நாம் மறக்கவில்லை. சாதியையும் நாஜிக் கொள்கையையும் ஒன்றென்று சொல்லவும் நாம் முனையவில்லை. ஆனால் வாதத்தின் அமைப்பை நோக்குக: ஆவியில் ஒருமை, மண்ணில் வேற்றுமை, போதனை தூயது, அமைப்பு வழக்கப்படி. அன்ஸ்பாக்கில் கேட்ட அதே இசை நம் நாட்டில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே கேட்டது. தென்னாப்பிரிக்காவிலும் அது கேட்டது. 1857இல் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் பேரவை, சிலரது பலவீனத்தை முன்னிட்டு நிறத்தின்படி தனித்தனியே கூடலாம் என இசைந்தது. சலுகை வழக்கமாயிற்று, வழக்கம் 1881இல் தனித் திருச்சபையாயிற்று, இறுதியில் நாட்டுச் சட்டத்திற்கே இறையியல் அரணாயிற்று. அதனை முறித்த பெல்ஹார் அறிக்கை 1982இல் வரையப்பட்டு 1986இல் ஏற்கப்பட்டது. பார்மனின் வழியில் வந்த அவ்வறிக்கை, பார்மன் சொல்லாததையும் சொல்லிற்று: இறைவன் ஏழைகள், ஒடுக்கப்பட்டோர் ஆகியோரின் பக்கம் நிற்கிறார், திருச்சபையும் அங்கேயே நிற்க வேண்டும்.

6. நம் காலத்துச் செய்திகள்

இக்கண்ணோட்டத்தோடு இனி அண்மைக்கால நிகழ்ச்சிகளை நோக்குவோம். 2022 பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யப் படைகள் உக்ரைனுள் பெருமளவில் புகுந்தன. மாஸ்கோ முதுபெரும் தந்தை கிரில் அப்போருக்கு ஆன்மிக நியாயம் கற்பித்தார். மார்ச் 13ஆம் நாள், பல நாட்டுக் கீழை மரபு இறையியலார் ஓர் அறிக்கை வெளியிட்டு, 'ரஷ்ய உலகம்' என்னும் போதனையைத் தள்ளினர். வசனம், உறுதிமொழி, மறுப்பு என்ற பார்மனின் அமைப்பையே அவர்கள் பின்பற்றினர். 2024 மார்ச்சில், அம்முதுபெரும் தந்தையின் தலைமையில் உள்ள பேரவை ஒன்று அப்போரைப் புனிதப் போரென்று அழைத்தது. நாட்டை இறைவெளிப்பாட்டின் இடத்தில் வைக்கும் சோதனை 1934ஓடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று.

இதைப் பீடத்திலிருந்து கண்டிப்பது நமக்கு எளிது. ஏனெனில் மாஸ்கோ தொலைவில் இருக்கிறது. சற்று அருகில் வருவோம். 2023 மே மாதத்தில் மணிப்பூரில் கலவரம் மூண்டு கோயில்கள் எரிக்கப்பட்டபோது தமிழகத் திருச்சபைகள் இறைவேண்டல் செய்தன, ஊர்வலம் சென்றன. அது தக்கதே. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால், பட்டியல் இனத்தவர் கிறிஸ்தவராயின் அதற்குரிய உரிமைகளை இழக்கின்றனர். 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் தரப்பட்டது அவர்களுக்குத் தரப்படவில்லை. இதற்காக நாம் நெடுங்காலமாகக் குரலெழுப்பி வருவதும் நீதியே. ஆனால் இவ்விரண்டும் நம்மவர்க்காக நாம் பேசியவை. பார்மனும் தன்னவர்க்காகப் பேசிற்று.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் இனத்துப் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் தம் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். வெட்டியவர் அவனோடு பயின்ற மாணவர்கள். மாணவரிடையே சாதிப் பகைமையை நீக்கும் வழிகளை ஆராய அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அக்குழு அறிக்கை அளித்தது. நாங்குநேரி எந்த மாவட்டத்தில் இருக்கிறது? இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நற்செய்தி வேரூன்றிய, ஊர்தோறும் கோபுரமும் பள்ளிக்கூடமும் எழும்பியுள்ள திருநெல்வேலி மாவட்டத்தில். அதற்கடுத்த ஞாயிறன்று நம் பீடங்களில் எத்தனை இடத்தில் அது பெயர் சொல்லிப் பேசப்பட்டது என்பதை ஒவ்வோர் ஆயரும் தம் அருளுரைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து அறியலாம். அரசமைத்த குழு கேட்ட கேள்வியை நம் பேரவைகள் கேட்டனவா? திருமண்டலத் தேர்தல் வரும்போது வேட்பாளர் பட்டியல் எக்கணக்கில் தயாராகிறது? ஒரே திருவிருந்தில் பங்குகொண்டவர்கள் இறந்தபின் வெவ்வேறு கல்லறைத் தோட்டங்களுக்குப் பிரிந்து செல்லும் ஊர்கள் இன்னும் ஏன் இருக்கின்றன?

7. வரலாற்றிலிருந்து நாம் பெறுவன

முடிவாக, அருளுரையாளர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் வகையில் சில முடிவுகளைத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, ஒப்புமையை நமக்கெதிராகவே முதலில் திருப்ப வேண்டும். ஒரு வரலாற்று நிகழ்ச்சியைச் சபையார்க்கு எடுத்துரைக்கும்போது, 'இதில் நாம் யார்?' என்று கேட்டு, உடனே தோன்றும் விடையை நம்பாதிருப்பது நலம். 1933இல் ஜெர்மானியக் குருமாரில் பெரும்பகுதியினர் கொடியோரும் அல்லர், வீரரும் அல்லர். நேரம் பார்த்திருந்தவர்கள், நல்லவர்கள்.

இரண்டாவது, நம் அறிக்கைகளில் உள்ளதை மட்டுமன்றி இல்லாததையும் வாசிக்கப் பழக வேண்டும். திருமண்டலப் பேரவைத் தீர்மானமாயினும், ஞாயிறு இறைவேண்டலாயினும், இதில் எவருடைய பெயர் விடுபட்டது என்று கேட்பது இறையியலின் பகுதியே. லூக்கா 10இல் சட்ட அறிஞனின் விடை பிழையற்றது. அவன் தடுமாறியது அடுத்த வினாவில்.

மூன்றாவது, திருச்சபையின் விடுதலைக்காகப் போராடுவது வேறு, திருச்சபைக்கு வெளியே அடிபட்டவர்க்காகப் பேசுவது வேறு. முன்னது இரண்டாவதற்கு வழியாக வேண்டும், பதிலாகலாகாது. நமக்கு நேர்ந்ததை அநீதி என்கிறோம். அதே அநீதி பிற சமயத்தார்க்கு நேரும்போதும் அதே சொல்லை வழங்கினால்தான், முதலில் சொன்னது நீதியின்மேல் கொண்ட பசியால் என்பது விளங்கும்.

நான்காவது, பீடத்தில் பெயர் சொல்வதற்குப் பழக்கம் வேண்டும். 'சமுதாயத்தில் தீமைகள் பெருகிவிட்டன' என்ற வாக்கியத்தால் எவரும் மனந்திரும்பியதாக நாம் அறியோம். பெயர் சொல்வது கட்சி அரசியல் பேசுவதன்று. தாவீதின் முன் நாத்தான் செய்ததே அது. அதற்கு உண்மையைத் தேடி அறியும் உழைப்பும் வேண்டும். எலிசபெத் ஷ்மிட்ஸ் முதலில் செய்தது கண்டனமன்று. நிகழ்ந்தவற்றைத் திரட்டி எழுதியதே. வதந்தி நொடியில் பரவும் இந்நாளில் அவ்வுழைப்பு முன்னிலும் தேவையாகிறது.

ஐந்தாவது, காலந்தாழ்ந்த குற்ற ஒப்புதலும் வீணன்று. பார்த் தம் எண்பதாம் வயதைக் கடந்து அதைச் செய்தார். ரைன்லாந்துத் திருச்சபையின் பேரவை 1980இல் யூதரோடுள்ள உறவைப் புதிதாக வரையறுத்தது. அதன் பயன் இன்றும் தொடர்கிறது. ஆனால் ஒப்புதல் தாழும் ஒவ்வோர் ஆண்டுக்கும் விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் ஒப்புக்கொள்ளத் தாழ்த்தியவர் அல்லர்.

பேராயர் வில்சனின் மடல் எழுதப்பட்டு 2033இல் இருநூறு ஆண்டுகள் நிறைவுறும். நம் இறையியல் கல்லூரிகளில் இன்று முதலாண்டு பயிலும் மாணவர்கள் அப்போது சபைகளில் ஆயர்களாக இருப்பர். அவ்வாண்டு விழா எடுக்கப்படும், மலர் வெளியிடப்படும், கட்டுரைகளும் எழுதப்படும். அம்மடல் கேட்டுக்கொண்ட காரியம் நிறைவேறியது என்று அம்மலரில் எழுத இயலுமா என்பது, அடுத்த சில ஆண்டுகளில் நம் சபைகளின் இருக்கைகளிலும் வாக்குச்சீட்டுகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் முடிவாகும். அதற்குரிய தைரியத்தையும் தெளிவையும் திருச்சபையின் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.